இரண்டு மில்லிமீட்டர் இடது

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே, "அடுப்புல பால் இருக்கு, ஒரு கண் வச்சுக்கோ" என்றாள். "இருக்கிறதே ஒண்ணு. அதையும் பால்ல வைக்கச் சொல்றியா?" என்றேன். மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

இப்படிச் சிரிக்க எனக்குப் பத்து மாதம் ஆகியிருக்கிறது. போன நவம்பரில் வலது கண்ணில் விழித்திரை கழன்றுபோனது. இரண்டு ஆபரேஷன் செய்தும் பலனில்லை. இப்போது அந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது, இருட்டுகூடக் கிடையாது. கதவு நிலையில் இடித்துக்கொள்வது குறைந்திருக்கிறது. டம்ளர் விளிம்பைச் சொம்பால் தொட்டுக்கொண்டு ஊற்றினால் தண்ணீர் வெளியே போவதில்லை. அச்சகத்தில் என் பழைய டிசைன் மேஜைக்குத் திரும்பி ஆறு வாரம் ஆகிறது.

இன்று நல்ல வேலை ஒன்று வந்தது. ஒரு கம்பெனிக்கு இருநூறு சுவர்க்கடிகாரம். முகத்தட்டை நாங்கள் அச்சடித்து, வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, முள் மாட்டிக் கொடுக்க வேண்டும். 'கண்ணும் கருத்துமாகச் செய்து தரவும்' என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். கருத்து முழுசாகவே இருக்கிறது.

மத்தியானம் முதலாளி என் வலது பக்கமாக வந்து நின்று ஏதோ கேட்டார். ஆள் வந்ததே தெரியவில்லை. தூக்கிவாரிப் போட்டது, மவுஸ் கீழே விழுந்தது. "சாரிம்மா, சாரி" என்றார். குனிந்து அவரே எடுத்துக் கொடுத்தார். ஆனால் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

எங்களிடம் பழைய கடிகார ஃபைல் ஒன்று உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, கண்ணாடித்தாள் அடுக்கு மாதிரி இருக்கும் லேயர்களில் முகம் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, கேன்வாஸுக்கு, அதாவது திரையில் தெரியும் தாளுக்கு, நடுவில் நிற்க 'சென்டர்' பொத்தானை அழுத்தினேன். பன்னிரண்டுக்குக் கீழே கம்பெனி பெயரைச் சேர்த்தேன். அச்சு மெஷின்காரர் மாதிரிக்கு ஒன்று அடித்து, வெட்டி, முள் மாட்டிக் கொண்டுவந்தார்.

இடது ஓரத்தில் வெள்ளை ஒல்லியாக இருக்கிறது, வலது ஓரத்தில் அகலமாக. நிமிட முள் மூன்றுக்குப் போனால் கோட்டின் மேல் ஏறி உட்காருகிறது. ஒன்பதுக்குப் போனால் கோட்டைத் தொடவே இல்லை. மேலும் கீழும் சரியாக இருக்கிறது. இடவலம் மட்டும் கோணல்.

முதலாளி ஸ்கேல் வைத்துப் பார்த்தார். இரண்டு மில்லிமீட்டர் இடது.

"ஒரு கண்ணால பார்த்தா ஒரு பக்கமா இழுக்கத்தானேம்மா செய்யும்."

"நான் கண்ணால வைக்கல சார். பொத்தானை அழுத்தினேன். மெஷின்தான் வச்சது."

"என் மெஷினைச் சொல்றியா?" என்று மெஷின்காரர் அந்தக் கோடியிலிருந்து கத்தினார்.

"கம்ப்யூட்டரைச் சொன்னேன் அண்ணே."

முதலாளி பெருமூச்சு விட்டார். "முன்னாடி கவுண்டர்ல ஃபோன் எடுக்க ஆள் இல்ல. உக்காந்த இடத்து வேலை. உனக்கும் சிரமம் இருக்காது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு, அப்புறம் பேசலாம்."

நல்ல மனுஷன்தான். அதுதான் எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டலாம். பரிதாபப்படுகிறவரை என்ன செய்வது?

பதினாறு வருஷம் இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். ஃபோன் எடுக்க மாட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

மறுபடியும் சென்டர் அழுத்தினேன். மறுபடியும் அடித்தார். இரண்டு மில்லிமீட்டர். இடது.

கேன்வாஸில் நடுக்கோடு இழுத்துப் பார்த்தேன். கண்ணுக்கு இடதாகத்தான் தெரிகிறது! நகர்த்திவிட்டு, திரும்பச் சென்டர் அழுத்தினால், படம் அதே பழைய இடத்துக்கு ஓடிவந்து நிற்கிறது. கம்ப்யூட்டர் நடு என்கிறது. நான் இடது என்கிறேன். முதலாளியின் ஸ்கேலும் என் பக்கம்தான். ஆனால் வைத்தவள் நான் என்பதால் பழியும் என் பக்கம்.

கையால் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிவிட்டால் முடிந்தது. யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஏன் தள்ளுகிறோம் என்று தெரியாமல் தள்ளினால், அடுத்த வேலையிலும் அதற்கடுத்த வேலையிலும் இதேதான். அப்புறம் எல்லாரும் சொல்வதுதான் உண்மை என்று ஆகிவிடும்.

நிஜமாவே நான்தானோ? பொத்தானை அழுத்துறதுக்கு முன்னாடி வேற எதையாவது அழுத்திடறேனா? வலது பக்கம் இருக்கிற ஏதோ ஒண்ணு எனக்குத் தெரியலையா? அழுகையா வருது. அழுதா இருக்கிற கண்ணும் கலங்கிப்போகும், வேண்டாம்.

செப்டம்பர் 11, வியாழன்

வெட்டாத தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அக்கா சட்டைத் துணியை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, மடிப்பின் மேல் சோப்புக் கட்டியால் கழுத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். டேப் கழுத்தில் தொங்கியது. அதைத் தொடவே இல்லை.

நானும் தாளை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, நகத்தால் நீவிவிட்டுப் பிரித்தேன். பன்னிரண்டும் ஆறும் மடிப்பில் விழவில்லை. இரண்டும் மடிப்புக்கு இடப்பக்கம் ஒதுங்கி நின்றன.

"என்ன, துணி பத்தலையா?" என்றாள் அக்கா.

"நடு பத்தல" என்றேன்.

வெட்டுவதற்கு முன்பே கோணல் இருக்கிறது என்றால் கத்தியின் மேல் குற்றமில்லை. அப்படியானால் அச்சு மெஷின், அல்லது என் கை, அல்லது அந்தப் பொத்தான். அச்சகத்துக்குப் போனதும் அதே அளவில் புதுசாக ஒரு ஃபைல் திறந்து, வெறும் கூட்டல் குறி ஒன்று வரைந்து, அதே சென்டர் பொத்தானை அழுத்தினேன். மெஷின்காரர் முணுமுணுத்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார். மடித்தேன். மடிப்பு கூட்டல் குறியின் நடு முதுகில் போனது. மயிரிழை பிசகவில்லை.

மெஷின் சரி. கை சரி. பொத்தானும் சரி. கோளாறு அந்த ஃபைலுக்குள்தான் இருக்கிறது. நாளை வெள்ளி.

செப்டம்பர் 12, வெள்ளி

எட்டரைக்கே போய்விட்டேன். கூட்டுகிற அம்மா வாளியை எனக்காக இடது பக்கம் நகர்த்தி வைத்தார்.

சென்டர் பொத்தான் எதற்கு நடுவைக் கண்டுபிடிக்கிறது? படத்துக்கு என்றுதான் பதினாறு வருஷமாக நினைத்திருந்தேன். இல்லை. லேயரில் இருக்கிற எல்லாவற்றுக்கும். கண்ட்ரோல் டி அடித்தேன். லேயரைச் சுற்றி மெல்லிய கோட்டில் ஒரு பெட்டி வருமே, அது வந்தது. இடது ஓரம் வட்டத்தை ஒட்டி நின்றது. மேலும் கீழும் ஒட்டி நின்றது. வலது ஓரம் மட்டும் வட்டத்தை விட்டு நாலு மில்லிமீட்டர் தள்ளி நின்றது.

அங்கே என்ன இருக்கிறது? வெறும் வெள்ளைதான். பெரிதாக்கிப் பார்த்தேன், வெள்ளைதான். பிறகு அடியில் ஒரு கறுப்பு லேயரைப் போட்டேன்.

சட்டையில் ஒட்டிய சோற்றுப் பருக்கை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி.

வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளி. ரெண்டு கண் உள்ளவனுக்கும் தெரியாது, பத்துக் கண் உள்ளவனுக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு மட்டும் அதுவும் படம்தான். அதையும் கணக்கில் சேர்த்து நடு பார்த்திருக்கிறது. வலது பக்கம் நாலு கூடியதால் எல்லாவற்றையும் இரண்டு இடது தள்ளி வைத்திருக்கிறது. புள்ளியை அழித்தேன். சென்டர் அழுத்தினேன். முகம் சற்றே வலது பக்கம் நகர்ந்து நடுக்கோட்டில் போய் நின்றது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். கூட்டுகிற அம்மா எட்டிப் பார்த்தார்.

அப்புறம்தான் லேயரின் பெயரைக் கவனித்தேன். 'முகம் கடைசி நிஜக்கடைசி 2'. உலகத்தில் வேறு யாரும் லேயருக்கு இப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள். ஃபைலை உருவாக்கிய தேதி, இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூன். வெள்ளை பிரஷ் வைத்துக்கொண்டு ஏழுக்குப் பக்கத்தில் ஒரு கறையை மூடியது ஞாபகம் வந்தது. அப்போது பிரஷ் எங்கேயோ தவறிப் பட்டிருக்கிறது.

நான்தான். இரண்டு கண்ணும் இருந்தபோது.

அந்த ஃபைலில் முதலில் செய்த கடிகாரம் எங்கள் அச்சகச் சுவரிலேயே தொங்குகிறது. ஸ்டூல் போட்டு ஏறி நின்றேன். ஒன்பதே காலுக்கு நிமிட முள் கோட்டின் மேல் ஏறியது. ஒன்பதே முக்காலுக்கு மறுபடி ஏறினேன். முள் கோட்டைத் தொடவில்லை. இரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மணி ஆச்சா ஆச்சா என்று அத்தனை பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் வேலையை விட்டுப் போன இன்னொரு டிசைனர் தலையில் இதைக் கட்டிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

முதலாளி வந்ததும் எல்லாவற்றையும் காட்டினேன். கறுப்பு லேயர், புள்ளி, தேதி, என் அருமையான பெயர். அவரையும் ஸ்டூலில் ஏற்றினேன். இறங்கி வந்தார்.

"அப்போ தப்பு உன்னோடதுதானேம்மா?"

"ஆமா சார். தப்பு என்னோடது. என் கண்ணோடது இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "இருநூறையும் அடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஃபோன் பேச்சை எடுக்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

இருநூறு அடித்து முடித்தாயிற்று. பத்துக்கு ஒன்றாக மடித்துப் பார்ப்பேன் என்றேன். மடித்தால் வீணாகும் என்று மெஷின்காரர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். மீந்த ஒரு முகத்தை அவரே எங்கள் சுவர்க்கடிகாரத்தில் மாட்டினார். "இப்பதான் மணி சரியா காட்டுது" என்றார். மணி எப்போதும் சரியாகத்தான் இருந்தது அண்ணே.

செப்டம்பர் 18, வியாழன்

இனிமேல் எந்த லேயர் வந்தாலும் முதலில் அடியில் கறுப்பு. அப்புறம்தான் மற்றது.

அக்டோபர் 6, திங்கள்

புது வேலை. வட்டத்துக்குள் ஒரு பறவைச் சின்னம். வலது பக்கம் நீளமாக, நூல் மாதிரி ஒரு வால். சென்டர் அழுத்தினேன். பறவை இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது.

கறுப்பைப் போட்டுப் பார்த்தேன். புள்ளி இல்லை, பெட்டியும் ஒட்டித்தான் நிற்கிறது. இந்தத் தடவை கம்ப்யூட்டர் சொல்வதில் எந்தப் பிசகும் இல்லை. ஆனால் அதற்குப் பறவையின் வயிறும் ஒன்று, நூல் வாலும் ஒன்று. பார்க்கிறவர்களுக்கு அப்படி இல்லையே. கனம் எல்லாம் வயிற்றில் இருக்கிறது.

அம்புப் பொத்தானை வலது பக்கமாகத் தட்ட ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். இன்னும் மூன்று தட்டினேன். பறவை வட்டத்துக்குள் நிம்மதியாக உட்கார்ந்தது.

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?" என்று குரல் கேட்டது. முதலாளி.

"நடு இல்லைன்னு சொல்லுது சார்."

"நீ?"

"இதுதான் நடு."

கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ அப்படியே அனுப்பு" என்றார்.

அவர் போன பிறகுதான் கவனித்தேன். நான் திடுக்கிடவே இல்லை. அவர் இடது பக்கமாக வந்து நின்றிருந்தார்.