வரமாட்டார்கள் என்ற வரி

போன ஞாயிறு பின்னேரம் ரியூசன் கொட்டிலின் யன்னல்களை மறைக்கப் படங்கை விரித்தேன். வெயிலில் கிடந்து சூடேறிய பிளாஸ்ரிக் மணம் முகத்தில் அடித்தது. உடனே உம்முடைய குரல் கேட்டது என்று எழுதினால் நீரே சிரிப்பீர். குரல் ஒன்றும் கேட்கவில்லை. மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை என்பதுதான் தெரிந்தது. நீர் இருந்தால் கதிரையில் ஏறி நின்று, "நேராப் பிடியும், வெளிச்சம் வருது" என்று அதட்டியிருப்பீர். நீர் இறந்து மூன்று மாதமாகிறது. ஒரு முனையை ஆணியில் மாட்டிவிட்டு நானே மற்ற முனைக்கு நடந்தேன்.

புதுக்குடியிருப்பில் மாதம் ஒரு படம் போடுவோம் என்று நீர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. எல்லாம் போனில் கிடைக்கும்போது மரக் கதிரையில் இருந்து யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "போனில பாக்கிறவை முடிஞ்ச பிறகு ஆரோட கதைப்பினம்?" என்றீர். நீர் ஆங்கிலம் படிப்பித்தீர், நான் புவியியல். திரைக்குப் பக்கத்தில் நின்று, கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்வது உம்முடைய வேலை. புரொஜெக்டர் என்னுடையது. படம் முடிந்ததும் பழைய சோதனைத் தாள்களை நாலாகக் கிழித்து எல்லோருக்கும் கொடுப்போம். வெறும் பக்கத்தில் அவரவர் கருத்தை எழுதவேண்டும், பெயர் போடக்கூடாது. பிறகு நீர் ஒவ்வொன்றாக வாசிப்பீர். எழுத்தைக் கண்டே எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். தெரியாதது போல இருப்பதுதான் அங்கே வழக்கம்.

அந்த எருமைப் படத்தை முதன்முதலில் போட்டது நாலு வருடத்துக்கு முன்பு. கையால் வரைந்த கார்ட்டூன் படம். உலகம் எரிந்து முடிந்து பல தலைமுறை ஆகிவிட்டது. மண்ணெல்லாம் உப்பு. மலையளவு எருமை ஒன்று அலைந்து திரிகிறது. அது படுத்தெழும்பும் பள்ளத்தில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறுகிறது, பள்ளத்தைச் சுற்றிக் காடு வளர்கிறது. ஒரு கூட்டம் அதைப் பிடித்து மூக்கணாங்கயிறு போட்டு ஓரிடத்தில் கட்டிவைக்க, ஊற்று வற்றுகிறது. கட்டாதே என்று சொன்ன சிறுமியின் ஆட்கள் வேறு தண்ணீர் தேடிப் போகிறார்கள். மிஞ்சிய சிலரோடு தங்கிவிட்ட அவள் ஒவ்வொரு நாளும் மேட்டில் ஏறி அவர்கள் திரும்பும் வழியைப் பார்த்து நிற்கிறாள்.

எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. அழிவை இவ்வளவு அழகாக வரையக் கூடியவர்கள் அதைத் தூரத்தில் இருந்து பார்த்தவர்கள் என்று நினைத்தேன். துண்டுகளை நீர் வாசிக்கத் தொடங்கியதும் அந்தச் சந்தேகம் எனக்கு மட்டுமல்ல என்று தெரிந்தது.

"இடம்பெயர்ந்து போற சனம் ஒரு பானை சட்டி இல்லாமல் போகுமோ? படம் கீறினவர் ஒருநாளும் வீட்டை விட்டு ஓடினதில்லை." கொட்டிலே சிரித்தது.

"இவ்வளவு பெரிய எருமை, கடைசி வரைக்கும் ஒருத்தரும் பால் கறக்கேல்லை. தயிருக்கும் வழியில்லாத உலகம்." அது கோழிக்கடை வைத்திருந்தவர். தன்னுடைய துண்டுக்குத் தானே முதலில் சிரித்தார்.

பிறகு அந்த முஸ்லிம் பெரியவருடையது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, இருபது வருடத்துக்கு மேல் வெளியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து வயல் செய்பவர். "படத்தில காடு வடிவு. நாங்கள் திரும்பி வரேக்க எங்கட வயலும் காடுதான். வெட்டினவனுக்குத் தெரியும். எண்டாலும் அந்தப் பள்ளத்தில ஊறின தண்ணியைப் பாக்க ஆசையாய் இருந்தது." அதை நீர் இரண்டு தரம் வாசித்தீர்.

மேரியக்கா துண்டு எழுதவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கருவாடு கொண்டுவந்து விற்றுவிட்டு, திரும்பும் பஸ்ஸுக்கு முதல் எங்களோடு வந்திருந்து படம் பார்ப்பார். அவருடைய மூத்த மகன் எங்கே என்று அன்றும் தகவல் இல்லை, இன்றும் இல்லை. அது கொட்டிலில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்பதில்லை.

படத்தின் கடைசியில் அந்தச் சிறுமி மேட்டிலிருந்து இறங்கி வந்து, ஒரு மரக்கன்றைக் கையில் எடுத்துச் சொல்லும் வரியை நானும் படித்தேன். "அவர்கள் வரமாட்டார்கள். நாங்கள் நடுவோம்." நீர் உரத்த குரலில் சொன்னது வேறு. "வந்துகொண்டிருக்கினம். அதுவரைக்கும் நாங்கள் நடுவம்."

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது கேட்டேன்.

"அப்பிடி அதில இல்லையே?"

"இல்லைத்தான்."

"பிறகேன் சொன்னனீர்?"

"மேரியக்கா முன்வரிசையில இருந்தவா."

"இந்தச் சனத்துக்கு ஆறுதலாய்ப் பொய் சொன்ன ஆக்கள் முந்தியே போதும். நீரும் வேண்டாம்."

"அப்ப அடுத்தமுறை நீர் நிண்டு சொல்லும்."

"சொல்லுவன். ஒரு வரிதானே, அதில என்ன இருக்கு?"

சண்டை என்று சொல்ல அதற்குமேல் ஒன்றும் இல்லை. தொடர்ந்து படங்கள் போட்டோம். ஆனால் ஒவ்வொரு முறை நீர் தமிழில் சொல்லும்போதும் நான் கீழே ஓடும் எழுத்தைச் சரிபார்த்தேன். நான் சரிபார்ப்பது உமக்குத் தெரிந்திருந்தது.

வருத்தம் வந்து படுக்கையாகி நீர் நெளுக்குளத்தில் தங்கை வீட்டுக்குப் போனபின் இரண்டு தரம் வந்தேன். பாடத்திட்டம் பற்றிக் கதைத்தோம், மழை பற்றிக் கதைத்தோம். இரண்டாம் தரம் நான் எழும்பும்போது, "அந்த எருமைப் படத்தை ஒருக்காத் திரும்பப் போடும்" என்றீர். "பாப்பம்" என்றேன். நான் பாப்பம் என்றால் என்ன பொருள் என்று உமக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்தது உம்முடைய செத்தவீட்டுக்குத்தான்.

அதனால்தான் போன ஞாயிறு போட்டேன். உம்மைப் பற்றி அறிவித்தல் ஒன்றும் செய்யவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். படத்தை வீட்டில் இரண்டு தரம் ஓடவிட்டு, தமிழில் சொல்லிப் பழகியிருந்தேன். முன்வரிசையில் மேரியக்கா, வெற்றுப் பெட்டியைக் காலடியில் வைத்தபடி. வரவே மாட்டார் என்று ஏனோ நினைத்திருந்தேன்.

உம்மைப் போல் எனக்குக் குரல் ஏற்றி இறக்கத் தெரியாது. பாடம் நடத்துவது போலச் சொல்லிக்கொண்டு போனேன். சிறுமி மேட்டிலிருந்து இறங்கினாள். வரி வந்தது. படித்தேன். வாய் திறக்கவில்லை. வரி மறைந்து, அவளுடைய முகம் மட்டும் திரையில் நின்றது. நீர் சொன்னதையும் என்னால் சொல்ல முடியவில்லை, அதில் இருந்ததையும் சொல்ல முடியவில்லை.

"என்ன ரீச்சர்," என்றார் மேரியக்கா, இருந்த இடத்தில் இருந்தே. "வரமாட்டினமாமோ?"

"ஓம்," என்றேன். "நடுவமாம்."

"ம். அப்ப நடட்டும்."

பின்னாலிருந்து ஒரு குரல், "அந்த எருமையை ஆரெண்டாலும் அவிட்டு விட்டவையோ?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

துண்டுகள் வாசித்து, ஆட்கள் போனபிறகும் மேரியக்கா இருந்தார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

"முந்தி அந்த ரீச்சர் இதை மாத்திச் சொன்னவா," என்றார்.

"அது உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

"எனக்கு எங்க இங்கிலிசு தெரியும்? அந்தப் பிள்ளையின்ர முகம் தெரியுது தானே. வாற ஆக்களைப் பாத்த முகம் அப்பிடி இராது."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"எனக்காண்டித்தானே சொன்னவா. சொல்லிப்போட்டு என்னைத்தான் பாத்தவா. முகம் வேர்த்துப் போச்சு. பாவம் எண்டு தலையாட்டினனான்."

நாலு வருடமாக நான் இரண்டு வழிகளை மட்டுமே யோசித்திருந்தேன். நீர் அவரை ஏமாற்றினீர், அல்லது ஆறுதல் சொன்னீர். ஆறுதல் மறுபக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்த எங்கள் இருவரையும்விட அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்தவர் அவர்தான். நீர் செய்தது பிழை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவரால் தாங்க முடியாது என்று நீர் பயந்தீர், அவர் ஏமாந்துவிட்டார் என்று நான் கோபப்பட்டேன். இரண்டு பேரும் அவரைக் குறைத்துத்தான் மதித்திருக்கிறோம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பியவர் வாசலில் திரும்பினார்.

"அந்த ரீச்சர் இப்ப நெளுக்குளத்தில எல்லோ? சுகமாய் இருக்கிறாவோ?"

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஓம் அக்கா," என்றேன். "இருக்கிறா."

மேரியக்கா என் முகத்தைப் பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டிவிட்டு, "கேட்டதாய்ச் சொல்லுங்கோ" என்று பஸ்ஸுக்கு நடந்தார்.

உமக்குக் கிடைத்த தலையாட்டல் இப்படித்தான் இருந்திருக்கும். இப்போது அது என்னிடமும் இருக்கிறது. அவர் கேட்டதாக இந்தக் கடிதத்தில் சொல்லிவிட்டேன். கடற்கரைக்குப் போய் அவரிடமும் உண்மையைச் சொல்லவேண்டும். அங்கே போகும் பஸ் ஒவ்வொரு நாள் காலையும் பள்ளிக்கூட வாசலால்தான் போகிறது. இன்னும் ஏறவில்லை.