படத்தில் இல்லாத பெண்

வாலாஜாபாத்
2.2.2025

அன்புள்ள கிளியம்மாள் டீச்சருக்கு,

இராமச்சந்திரன் எழுதுவது. முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்கமாட்டீர்கள். ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த சி.டி. கடையை மூடுகிறார்கள். எல்லாரும் போனிலேயே பார்த்துவிடுகிறார்கள், இனி இது எதற்கு என்று கடைக்காரர் ஒரு பை நிறையத் தட்டுகளை என் கையில் கொடுத்துவிட்டார். அதில் முதல் படம் இத்துடன் வருகிறது. ரயில்வே கேட் கீப்பர் ஒருவரின் கதை. சண்டை கிடையாது. கீழே எழுத்து ஓடுவதால் என்னைப் போலக் காது மந்தமான ஆளுக்கும் ஏற்றது.

காது போன பிறகு ஒன்று தெரிந்துகொண்டேன். கடைசி பெஞ்சுப் பையன் பொய் சொல்வதைக் குரலை வைத்தா கண்டுபிடித்தோம்? அவன் கையைப் பார்த்துத்தானே? இந்த நடிகரும் அப்படித்தான். பொய் சொல்லும் இடத்திலெல்லாம் பச்சைக் கொடியைச் சுருட்டிச் சுருட்டி விரிக்கிறார். நூற்றுக்கு எழுபத்தெட்டு போட்டேன். உங்கள் மதிப்பெண் வரட்டும். வழக்கம்போல, படத்தில் இல்லாததை எழுதினால் சிவப்பு மையில் திருத்தம் வரும்!

அன்புவிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தங்கை மகன் என்பதற்காகச் சொல்லவில்லை. கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டு, உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹாஸ்டலையும் பார்த்துக்கொண்டு, நடுவில் நமக்குத் தபால்காரனாகவும் இருக்கிறான். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தபோது இவ்வளவு பொறுப்பு இல்லை.

அன்புடன்,
இராமச்சந்திரன்


பென்னலூர்
9.2.2025

அன்புள்ள சாருக்கு,

படம் பார்த்தேன். அறுபதுக்கு மேல் போடமாட்டேன். மனைவி கோபித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறாள், அந்த மனுஷன் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடவேண்டாமா? நீங்களும் அப்படித்தான் நின்றிருப்பீர்கள். அதனால்தான் எழுபத்தெட்டு!

இந்த முறை நான் தனியாகப் பார்க்கவில்லை. ஹாஸ்டலில் இருந்து இரண்டு பெண்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார்கள். முப்பிடாதி, மாரிசெல்வி. சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரே ஊர், இங்கே கம்பெனியிலும் ஒரே லைன், ஒரே ஷிப்ட். முப்பிடாதிக்குப் பொறுமை போதாது. "டீச்சர், எப்பத்தான் சண்ட வரும்? அந்த ரயிலாவது எதுலயும் மோதட்டுமே" என்றாள். மாரிசெல்வி, "ஏளா, சும்மா கெட. அந்தாளு மூஞ்சியப் பாரு" என்று அதட்டிவிட்டு, தானே அழுதுவிட்டாள்.

கடைசிக் காட்சியில் அன்பு வாசலில் வந்து நின்றான். "இன்னா பெரிம்மா, வூட்ல தியேட்டர் நடத்திகினு கீறியா? ஆறு மணிக்கு கேட்டு பூட்டிடுவேன், சொல்லிட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பெண்கள் இருவரும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். மாரிசெல்வியின் கையிலிருந்த முறுக்கு அப்படியே தட்டில் கிடந்தது.

ஒரு சின்னப் புகார். உறையைப் பசை போட்டு ஒட்ட ஆரம்பித்துவிட்டீர்களா? பிரிக்கும்போது கடிதமும் சேர்ந்து கிழிந்தது.

அன்புடன்,
கிளியம்மாள்


வாலாஜாபாத்
13.2.2025

அன்புள்ள டீச்சருக்கு,

அறுபதை ஏற்கமாட்டேன். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் போடுகிறேன்.

நான் பசை போடுவதே இல்லையே. எனக்கு எப்போதும் ஸ்டேப்ளர்தான். இரண்டு பின், மூலைக்கு ஒன்று. வேனில் நசுங்கிப் பின் கழன்றிருக்கும், அன்பு பார்த்து ஒட்டியிருப்பான். நல்ல பிள்ளை.

இத்துடன் இரண்டு தட்டுகள். ஒன்று, மலையூரில் தபாலாபீஸ் நடத்தும் ஒரு கணவன் மனைவி கதை. படம் முழுக்க ஒரே ஓட்டு வீடு, ஒரே மழை. இன்னொன்று, ஒரு பெண் வாசிக்கும் வீணைக் கச்சேரி. செவிடனுக்குக் கச்சேரி எதற்கு என்று சிரிக்காதீர்கள். சத்தத்தைக் கூட்டிவைத்து, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்க்கிறேன். ஓடும் எழுத்தைப் படிப்பதுபோல விரலைப் படிக்கலாம். முப்பிடாதிக்கும் மாரிசெல்விக்கும் போட்டுக் காட்டுங்கள். என்ன சொன்னார்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
இராமச்சந்திரன்


பென்னலூர்
20.2.2025

சாருக்கு வணக்கம்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன். வெயில் இப்போதே ஏறிவிட்டது. லாரிகள் போகப் போக வாசலில் புழுதி. கொல்லையில் முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது, பறிக்கத்தான் ஆளில்லை. தபாலாபீஸ் படத்தில் மழை நன்றாக இருந்தது. மழைக்கு மட்டும் இருபது மதிப்பெண். அந்த அம்மாள் கட்டியிருந்த சுங்கடிச் சேலை போன்று நானும் ஒன்று வைத்திருந்தேன், உங்களுக்கு நினைவிருக்காது.

– 2 –

கணவனாக நடித்தவர் நிறைய இருமுகிறார். இருமினால் நடிப்பு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ. ரசம் வைக்கும் காட்சி நீளம். புளியைக் கரைக்கிறார்கள், கரைக்கிறார்கள், கரைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

– 3 –

இனிதான் படத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது. நிதானமாகப் படியுங்கள். அந்த வீட்டு மாடியறையில் ஒரு பெண் பத்து நாளாக ஒளிந்திருக்கிறாளே, அவளை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் இல்லை. கீழே வந்துபோகும் உறவுக்காரனுக்கு அவள் மேலே இருப்பது தெரியாது. வீணைத் தட்டில் வாசிக்கும் பெண்ணுக்கு வலக்கையில் மூன்று விரல் இல்லை, கவனித்தீர்களா? அந்த விரல்கள் எப்படிப் போயின என்று கண்ணால் பார்த்தவள் மாடியறைப் பெண் ஒருத்திதான். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஆறு மணிக்கு, மாதா கோயில் மணி அடிக்கும்போது, பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர் பின்வாசலுக்கு ஆட்டோ கொண்டுவந்து அவளை அழைத்துப்போகிறார். மறுநாள் விசாரணையில் அவள் பேசுகிறாள். அந்த வாத்தியாரை எனக்கு மிகவும் பிடித்தது. அவர் வராவிட்டால் கதையே இல்லை.

இந்த முறை திருத்தம் எதுவும் எழுதவேண்டாம் சார். மதிப்பெண்ணும் வேண்டாம். படித்துவிட்டுச் சும்மா இருங்கள். அது போதும்.

வணக்கத்துடன்,
கிளியம்மாள்


வாலாஜாபாத்
22.2.2025

(சிவப்பு மையில்)

அன்புள்ள டீச்சருக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். திருத்த வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் ஒரு மாணவி வந்து, "சார், என் பேப்பரை மட்டும் திருத்தாதீங்க" என்றால் நாம் விட்டுவிடுவோமா? அங்கேதானே கூடுதலாகக் கவனிப்போம்?

உங்களுக்காக இரண்டு தட்டையும் மறுபடி முழுக்கப் பார்த்தேன். படத்தில் இல்லாதவை எவை என்று உங்களுக்கு எளிதாகத் தெரியட்டும் என முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன். ஒன்று, மாடியறையில் ஒளிந்திருக்கும் பெண் இந்தப் படத்தில் இல்லை. அது ஓட்டு வீடு, மாடியே கிடையாது. இரண்டு, வீணை வாசிக்கும் பெண்ணுக்குப் பத்து விரலும் இருக்கின்றன. நிறுத்திவைத்து எண்ணினேன். வீணையை மீட்டுவதே வலக்கை விரல்கள்தான், மூன்று இல்லாமல் எப்படி வாசிப்பாள்? மூன்று, முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பின்வாசலில் ஆட்டோவோடு எந்த வாத்தியாரும் வரவில்லை. நான்கு, விசாரணை இல்லை.

வேறு ஏதோ படத்தோடு குழப்பிக்கொண்டீர்கள். நம் வயதில் இது நடப்பதுதான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடுகிறோமே, அதுபோல. ஆனாலும் ஒருமுறை டாக்டரைப் பார்ப்பது நல்லது. இன்னொரு மனக்குறை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக "அன்புடன்" போடாமல் முடித்திருக்கிறீர்கள். அறுபதை மறுமதிப்பீட்டுக்குக் கேட்டதற்கா இந்தக் கோபம்? பெண்கள் இருவரைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

இதை எழுதும்போதே அன்பு வந்துவிட்டான். "இன்னா சார், ரெட் இங்க்ல பரீட்ச பேப்பரா?" என்றான். உன் பெரியம்மா படத்தில் இல்லாததெல்லாம் எழுதியிருக்கிறார் என்றேன். "அப்டியா? இன்னா இன்னா இல்லியாம், சொல்லுங்க சார்" என்று பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். உங்கள்மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள்.

அன்புடன்,
இராமச்சந்திரன்


பென்னலூர்
4.3.2025

இராமச்சந்திரன் சாருக்கு,

இதை, மாதம் ஒருமுறை பென்ஷன் கொண்டுவரும் தபால்காரர் கையிலேயே கொடுக்கிறேன்.

உங்கள் திருத்தம் வந்து சேர்ந்தது. பசை போட்டு வந்தது. அன்பு கதை என்றால் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்கமாட்டான். அதனால்தான் நான் மூன்றாம் பக்கத்தில் எழுதினேன். நீங்கள் முதல் பக்கத்தில் எழுதினீர்கள். வாயாலும் சொல்லிக்கொடுத்தீர்கள்.

நடந்தது இது. போன மாதம் பத்தாம் தேதி லைனில் பிரஸ் மெஷின் முப்பிடாதியின் மூன்று விரல்களைக் கொண்டுபோய்விட்டது. அந்த மெஷினில் கை போனால் தானாக நிற்கவேண்டிய பாகத்தை, வேலை வேகமாக ஓடட்டும் என்று கழற்றிவைத்திருந்தார்களாம். பக்கத்தில் நின்றவள் மாரிசெல்வி. ஹாஸ்டல் கிரைண்டரில் மாவு அரைக்கும்போது நடந்தது என்று ஒரு தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்துக் கேட்டது அன்பு. அவள் மறுத்தாள். அவன் அவளுடைய போனையும் சர்டிபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொண்டான். அன்று மதியமே கொல்லை வழியாக என்னிடம் வந்துவிட்டாள். மாடியறையில் வைத்தேன். மார்ச் மூன்று திங்கட்கிழமை தொழிலாளர் ஆபீசில் விசாரணை. அதுவரை அவளை மறைத்துவைத்தால் போதும் என்று நினைத்தேன். என் போனும் அன்பு கையில்தான் இருக்கிறது, ரிப்பேராம். என்னால் தெருமுனை வரைகூட நடக்கமுடியாது. தட்டு கொடுக்காமல் நிறுத்தினால் சந்தேகப்படுவான். அதனால் அந்த உறையிலேயே எழுதினேன். அன்புவை நம்பாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தெரிந்த வழி, கடைசியில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுவதுதான்.

23ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். நானும் அவளும் சத்தத்தைக் குறைத்து வீணைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்பு உள்ளே வந்தான். "இன்னா பெரிம்மா, மாடியில எலித் தொல்லன்னு கேள்விப்பட்டேன்." பின்னால் இரண்டு ஆட்கள். நான் குறுக்கே நின்றேன். "நகரு பெரிம்மா, முட்டி வலி உனக்கு" என்று என் தோளைப் பிடித்து மெதுவாக நாற்காலியில் உட்காரவைத்தான். அவள் கத்தவில்லை. "டீச்சர், போயிட்டு வாரேன்" என்றாள். ஊருக்கு அனுப்பிவைத்துவிட்டேன் என்கிறான். அவள் செருப்பு என் மாடிப்படியில் இருக்கிறது. எந்தப் பெண் வெறுங்காலோடு சங்கரன்கோவில் போவாள்?

நேற்று விசாரணை முடிந்துவிட்டது. சாட்சி இல்லை. கிரைண்டர் என்று எழுதிய தாளில் முப்பிடாதி இடக்கைப் பெருவிரலை வைத்துவிட்டாளாம்.

மாரிசெல்வி விட்டுப்போன பையில் இருந்த அவளுடைய அம்மாவின் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

நீங்கள் கெட்டவர் இல்லை. கொடியைக் கீழே போடத் தெரியாதவர். இனித் தட்டு அனுப்பவேண்டாம். கடிதமும் வேண்டாம்.

கிளியம்மாள்


வாலாஜாபாத்
8.3.2025

டீச்சருக்கு,

வேண்டாம் என்று எழுதிய பிறகும் எழுதுகிறேன். மறுபடியும் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்கு முந்தின நாள் அன்பு வந்திருந்தான். கேட் கீப்பர் தட்டை என் மேஜையில் வைத்தான். என் காதருகே குனிந்து, "வாத்யாரே, பெரிம்மாவுக்குக் கண்ணு சரியில்ல, இனிமே படம்லாம் வாணாம்" என்று கத்தினான். படியிறங்கும்போது திரும்பி, "உங்க ரெட் இங்க்கு சூப்பர் சார்" என்று மறுபடி கத்தினான். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமலே சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது.

எதிர்வீட்டு ஜாஸ்மினை விட்டு அந்த அம்மாவுக்குப் பேசச் சொன்னேன். உங்கள் மகள் வந்துவிட்டாளா என்று ஜாஸ்மின் கேட்க வாயெடுப்பதற்குள், "ஏ தாயி, எம்புள்ள அங்கனதான இருக்கா? நாலு வாரமா போனே எடுக்கலயே" என்றாராம். ஜாஸ்மின் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். காது கேட்காதவனுக்கும் அது புரிந்தது.

இன்று மாலை அவர் பஸ் ஏறுகிறார். திங்கட்கிழமை காலை அவரோடு போலீஸ் ஸ்டேஷனுக்கும் பிறகு தொழிலாளர் ஆபீசுக்கும் போகிறேன். உங்கள் மூன்றாம் பக்கம் என்னிடம் இருக்கிறது. என் சிவப்பு மைத் தாளைக் கிழிக்காமல் இருந்தால் பத்திரமாக வையுங்கள். நானே என் கையால் எண் போட்டு எழுதிக்கொடுத்த சாட்சி அது. மாடிப்படியில் இருக்கும் செருப்பை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு என்ற சொல்லை இங்கே எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

தபாலில்தான் அனுப்புகிறேன். ஆனாலும் உங்கள் வாசலில் இதை முதலில் வாங்குவது யார் என்று எனக்குத் தெரியாது. உறையில் இரண்டு பின் குத்தியிருக்கிறேன், மூலைக்கு ஒன்று. பின் அப்படியே இருந்தால், டீச்சர், இத்தோடு கடிதம் முடிந்தது. மீதியை நீங்கள் படிக்கவேண்டாம்.

பின்னைப் பிரித்தது நீ என்றால், அன்பு, உனக்காகத்தான் முதல் பக்கத்தின் முடிவுக்குள் எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறேன். இதன் நகல் இரண்டு வெளியே இருக்கிறது. எட்டாம் வகுப்பில் நீ நெடுவினா எழுதமாட்டாய், ஒருவரி வினாவுக்கு மட்டும் எழுதித் தாளைக் கொடுத்துவிடுவாய். இதுவும் ஒருவரி வினாதான்.

மாரிசெல்வி எங்கே?

இராமச்சந்திரன்