அடைத்த வழி

மார்ச் 3
ரொக்கெட்டா சரிவின் திராட்சைத் தோட்டம் முழுக்கத் தம்பிக்கு. அதன் காலடியில், ஏப்ரல் தோறும் துளிர் கருகுகிற பள்ளமும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கல் சுவரும் எனக்கு. அப்பா எழுதிவைத்துவிட்டுப் போன பாகம் இது. சரிவுக் கொடிகளை வருடா வருடம் கத்தரித்தவள் நான். தம்பி எரால்டோ அப்போதெல்லாம் டூரினில் கார் விற்றுக்கொண்டிருந்தான்.

இன்று என் சுவரின் இடைவெளியை என்னைக் கேட்காமலே கல் வைத்து அடைக்கிறான்.

"இனிமே இந்தப் பக்கம் ஏறி வராதக்கா. தொட்டுத் தொட்டுப் பாக்க இது ஒன்னும் உன் வீட்டு ரோஜாச்செடி இல்ல."

சரிடா ராஜா.

மார்ச் 5
அந்த வழி என் காலுக்கு மட்டும் விட்டதா? பனிக்காலம் முடிகிற நேரத்துக் குளிர், தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கி அதன் வழியாகத்தான் என் பள்ளத்துக்கு வடியும். அடைத்தால் மேலேயே தேங்கும். கார் விற்றவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

சொல்லலாமா? — மாட்டேன்.

மார்ச் 19
அவர்கள் வீட்டில் விருந்து. தம்பி மனைவி மிரெல்லா பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "சுவர் இப்பதான் லட்சணமா இருக்கு, இல்லக்கா?"

"ரொம்ப லட்சணம். இன்னும் ரெண்டு வரிசை ஏத்துங்களேன்."

மார்ச் 24
ஏற்றிவிட்டார்கள்!

ஏப்ரல் 16
துளிர் விரல் நீளம் வந்துவிட்டது. வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்றும் இல்லை. சாயங்காலமே மூக்கு நுனி ஜில்லிடுகிறது; ராத்திரி உறைபனி இறங்கும். இப்போது போய்ச் சொன்னால் கல்லைத் தள்ளிவிடலாம். கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரை போனேன்.

ரோஜாச்செடி இல்லையாம்.

கோட்டைக் கழற்றிவிட்டேன்.

ஏப்ரல் 17
குளிர் தேங்கி, சுவருக்கு மேலே சரிவின் மடிப்பு முழுக்கப் போச்சு. எங்கள் ஒயினுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வரிசைகள் அவை. துளிரெல்லாம் காப்பிச் சக்கை மாதிரி கருத்துத் தொங்குகிறது. என் பள்ளத்தில் ஒன்றுகூட வாடவில்லை, முதல் முறையாக!

நல்லா வேணும் அவனுக்கு. நல்லா வேணும்.

ஆனால் அந்தக் கொடிகள் எனக்கு என்ன பாவம் செய்தன?

அக்டோபர் 11
அறுவடை. எரால்டோ என் கூடைகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். "உன் திராட்சையை எனக்குக் குடுக்கா. பாட்டில்ல ரொக்கெட்டான்னு போட்டுக்கறேன்."

"நான் பள்ளம்னே போட்டுக்கறேன்டா."

நவம்பர் 2
இறந்தவர்கள் நாள். அப்பாவின் கல்லறைக்குச் சாமந்தி கொண்டுபோனேன். எரால்டோ முன்பே வந்து நின்றுகொண்டிருந்தான். கருகியதன் காரணத்தை அவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்போல.

"அக்கா, குளிர் போக வழி இல்லாமத்தான் கருகிடுச்சாம். பனி வர்றதுக்குள்ள சுவரைத் திறந்துரலாம். நீயும் முன்ன மாதிரி ஏறி வரலாம்."

"சுவர் யாரோடதுடா?"

அவன் பூவைப் பிரித்து வைத்தான்.

"உனக்கு அப்பவே தெரியும், இல்ல?" என்றான். நான் மீதிச் சாமந்தியை அடுக்கினேன்.

நவம்பர் 6
கொத்தனார் வந்தார். கல்லுக்கு நடுவே இருந்த சந்துகளையும் பூசச் சொன்னேன்.

சுவரோரம், என் பக்கம், ரோஜா நட்டிருக்கிறேன்.