நீ தொடவிடாத மருந்து

இன்று காலை கிருமி வளர்க்கும் தட்டுகளில் ஊற்றக் கடற்பாசித் தூளைக் காய்ச்சியபோது ஆய்வுகூடம் முழுக்க அந்த வாசம். கடலோரச் சல்லியில் பிறந்த எனக்கு அது வீட்டு வாசம். வயலூரான கந்தளாய்க்காரி உனக்குக் குமட்டும். யன்னலைத் திறந்து துறைமுகப் பக்கம் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பாய். இன்றும் திறந்துவைத்தேன். யாருக்காக என்று தெரியவில்லை.

நீ போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. உன் கதிரையில் கையுறைப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறேன். வெறுமையாய்க் கிடந்தால் பார்க்க முடியவில்லை.

நாம் சண்டை பிடித்த நாள் நினைவிருக்கிறதா? வயல் மண்ணிலிருந்து மனிதரைப் பிடிக்கும் அந்தக் கிருமியை ஆராய, பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையத்தை அதற்குள் செலுத்த வேண்டும். எந்தக் கிருமி வளையத்தை வாங்கியது என்று அறியச் சுலபமான வழி, ஒரு மருந்தை எதிர்க்கும் மரபணுவையும் வளையத்தில் சேர்ப்பது. மருந்து கலந்த தட்டில் வளையத்தை வாங்கியவை மட்டும் பிழைக்கும். ஆனால் இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்துகள் கொஞ்சம்தான். அவைதான் நோயாளிக்கும் ஏற்றப்படுபவை.

"கூடத்துக்குள்ளதானே, வெளியில போகாது," என்றேன்.

"போகாதெண்டு நீ எழுதித் தருவியா? இந்தக் கிருமி பிடிச்ச என்ர அப்பாவைக் காப்பாத்தின மருந்து அது. அதை வெல்லுறது எப்பிடியெண்டு கிருமிக்குச் சொல்லிக் குடுக்க என்னால ஏலாது."

எனவே சுற்றுவழி. தனக்கு வேண்டிய ஒரு சத்தைத் தானே செய்ய முடியாத வகையை அதே கிருமியில் எடுத்து, அந்தச் சத்தைச் செய்யும் மரபணுவை வளையத்தில் வைத்தோம். அந்தச் சத்தில்லாத தட்டில் வளையம் கிடைத்தவை மட்டும் வளர வேண்டும். ஒன்றும் வளரவில்லை. இடையில் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது.

"இனியாவது மருந்து வழிக்கு வாரும்," என்றார் துறைத்தலைவர்.

ஓம் என்று சொல்ல வாய்வரை வந்தது. உன்மேல்தான் கோபம். பிடிவாதத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே.

"இன்னும் ஒருக்காப் பாக்கிறன், சேர்," என்றேன்.

மதியம், மூன்று நாளுக்கு முன் வைத்த தட்டுகளைப் பார்க்க வளர்ப்புப் பெட்டியைத் திறந்தேன். வளையமில்லாத கிருமியின் தட்டில் ஒன்றுமில்லை. வளையம் செலுத்திய பக்கத்துத் தட்டில், ஒரு துளி மருந்தும் இல்லாமல், சவ்வரிசி தூவியதுபோலக் கிருமிக் கூட்டங்கள். "எடியே, இஞ்ச வந்து பார்," என்று கூப்பிட்டுவிட்டேன். குளிர்பெட்டிதான் இரைந்துகொண்டிருந்தது. கையுறைக் கையால் கண்ணைத் துடைக்கக் கூடாது. துடைக்காமலே நின்று அழுதேன்.

துறைத்தலைவரிடம் இன்னும் போகவில்லை. மூன்றாம் தரமும் இதே முடிவு வந்தால்தான் வெளியில் கதைக்கலாம் என்பது உன் சட்டம். நாளைக்கு மறுபடியும் தொடங்குவேன். அதுவரை ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை. உனக்கு மட்டும் சொன்னேன்.