ஞாயிறு நாலரை மணிக்குப் பெண் பார்த்தோம்

மட்டாஞ்சேரி,
வைகாசி கடைசி ஞாயிறு, மத்தியானம்

சிரஞ்சீவி அபிராமுக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் வலி எங்கள் இரண்டு பேரையும்விட சௌக்கியம். ரோட்டர்டாமில் நீயும் உன் சைக்கிளும் மழையில் நனையாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். உனக்குத் தமிழ் எழுத்து தடுமாறும், மலையாளத்தில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் படித்துவிடுவாய், தெரியும். ஆனால் மனசில் இருப்பது எனக்குத் தமிழில்தான் வருகிறது, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள். போனில் சொன்னால் என்ன என்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பேப்பர் தலைகீழாக இருந்தாலும் அவருக்குத் தெரியாது, காது முழுக்க உன் பக்கம். அந்தக் காதை வைத்துக்கொண்டு நான் என்ன பேசுவது.

மழை பிடித்துக்கொண்டது. பஜார் ரோட்டில் கணுக்கால் தண்ணீர், கடையில் சுக்கு மூட்டைகளை எல்லாம் பலகைமேல் ஏற்றி வைத்துவிட்டு அப்பா இரண்டு நாளாக முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஏற்ற ஆள் இருக்கிறது, ஆனால் இவர் தொடாமல் எந்த மூட்டையும் நகராது என்று ஒரு நினைப்பு. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓணத்துக்கு வர டிக்கெட் போடணும், ஒன்றா இரண்டா என்று நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். நானும் மூன்று தடவை சக்கை வறுவல் காரமா உப்பா என்று பேச்சை மாற்றிவிட்டேன். பொங்கலன்று நீ, சன்னே என்று ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் அப்பா எழுந்து, பண்டிகை நாள் என்று பூட்டியிருந்த கடைக்குப் போய்விட்டார் இல்லையா. சாயங்காலம் திரும்பி வந்து, டச்சுக்காரா ஒரு தடவை கப்பல்ல வந்து கொச்சியைப் பிடிச்சாளே, போறாதா என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் பெயரைக்கூட எடுத்ததில்லை. நீ ஒற்றை டிக்கெட்டில் வந்தால் எந்த முகத்தோடு வருவாய் என்று எனக்குத் தெரியும், அந்த முகத்துக்குப் பக்கத்தில் என்னால் ஓண சத்யை பரிமாற முடியாது. ஆனால் உள்ளதைச் சொல்லணுமே, அப்பா இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தாள் தீர்ந்துவிட்டது, அடுத்ததில் எழுதுகிறேன்.

ஒரே ஒரு தடவை ஞாயிறுதோறும் அவள் நடத்தும் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று நீ அந்த இன்டர்நெட் ரேடியோவின் லிங்கை அனுப்பினாயே. அப்பா திறக்க மாட்டார் என்று தெரிந்து நான் என் போனில் திறந்து, நீ வாங்கிக்கொடுத்த குட்டி ஸ்பீக்கரில் போட்டு அடுக்களையில் வைத்துக்கொண்டேன். அப்போது நம் நேரத்துக்கு அஞ்சரை மணி. எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் என்று பெயர் சொன்னாய். பாட்டு இப்போது வரும், இப்போது வரும் என்று நானும் வாழைக்காய் சீவிக்கொண்டே காத்திருக்கிறேன், டும் டும் டும் டும் என்று அது பாட்டுக்குப் போகிறது, பாட ஒருத்தரும் வருவதாகத் தெரியவில்லை. கூடத்திலிருந்து அப்பா, கங்கா, கிரைண்டரை ஆஃப் பண்ணு என்று குரல் கொடுத்தார். நடுவில் அவள் இங்கிலீஷில் பேசினாள் பார், அப்போது நான் கத்தியைக் கீழே வைத்தேன். எர்ணாகுளம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பேன், எனக்கு முகம் வேண்டாம், குரல் போதும். ஒரு நாள் நடுவில் சத்தமே இல்லாமல் போயிற்று. திரும்பி வந்தவள், மிஷின் சரியில்லை, நெட் சரியில்லை என்று ஒன்றும் சொல்லவில்லை, காப்பியை ஒயர்மேல் கொட்டிவிட்டேன், என் தப்பு என்று சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு சீக்கிரம் தன் தப்பு என்று சொல்லும் ஆளை நான் நம் குடும்பத்தில் பார்த்ததில்லை, உன்னையும் சேர்த்துத்தான்.

பெண் பார்க்கப் போனால் பெண் வீட்டில் பஜ்ஜியும் சொஜ்ஜியும் கொடுப்பார்கள். இங்கே பெண் ரோட்டர்டாமில், பஜ்ஜியை நானே போட்டு நானே தின்றுகொண்டு பெண் பார்த்தேன். இரண்டு மூன்று வாரம் போனதும் அப்பா பஜ்ஜிக்காக அடுக்களை வாசலுக்கு நாற்காலியை நகர்த்தினார். பஜ்ஜிக்காக என்று அவர்தான் சொன்னார். டான்ஸ் மியூசிக் என்றால் அப்பா ஆட்டியது இடது கால் கட்டைவிரல் மட்டும், அதுவும் நான் பார்த்தால் நின்றுவிடும். பங்குனியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்களாமே, அது எங்களுக்கு எப்படித் தெரியும். அஞ்சரைக்குப் போட்டால் யாரோ ஒரு ஆண்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசுகிறான். நான் வேறு எதையோ அமுக்கிவிட்டேன் என்று தேடிக்கொண்டிருக்க, அப்பா எழுந்து வந்து, எந்தாடி ஆச்சு அந்தக் குட்டிக்கு, வேலையை விட்டு எடுத்துட்டாளா என்று கேட்டார். ராத்திரி சாப்பாட்டில் ரசம் கூட வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் கடைக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர்காரன் நிகிலிடம் விசாரித்துவிட்டு வந்து, இனிமேல் நாலரை மணி, அங்கே வெயில்காலம் பொறந்தாச்சு என்று என்னமோ ரயில் நேரம் சொல்லுவது மாதிரி சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு, பஜ்ஜி மட்டும்தானா, சொஜ்ஜி கெளறலையா என்றும் கேட்டார். எனக்குப் பக்கென்றது. ஆனால் வாயைக் கொடுத்துக் கெடுக்கக் கூடாது என்று, நெய் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, திட்டாதே. அந்த ரேடியோவில் கேட்பவர்கள் எழுதிப்போட ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா, அதில் எனக்கும் எழுத ஆசை. கங்கா, மட்டாஞ்சேரி என்று போட்டால் அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள். சட்டென்று வாயில் வந்த பெயர் உன் அத்தை பெயர். சுபாஷிணி, ஆலுவா என்று போட்டுவிட்டேன். போன மாதம் நீ போனில், அத்தைக்கு இந்த மாதிரி மியூசிக் எல்லாம் பிடிக்குமா அம்மா என்று கேட்டாயே, யாருக்குத் தெரியும் என்று சொன்ன சுபாஷிணி நான்தான். முதல் வாரம் அவள் அந்தப் பெயரைக் கடித்துக் குதறினாள். அடுத்த வாரம் அட்சர சுத்தமாகச் சொன்னாள். நீ சொல்லிக்கொடுத்திருப்பாய், ஆனால் யாரோ முகம் தெரியாத ஒரு பொம்மனாட்டியின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து பழக அவளுக்குத் தோன்றியதே, அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதிலிருந்து வாரா வாரம், சுபாஷிணி, இன்றைக்கு என்ன டிபன் என்று கேட்கிறாள். நானும் எழுதுகிறேன். ஐயோ, வாசலில் ஆட்டோ நிற்கிறது, அந்த சுபாஷிணியே வந்து இறங்குகிறாள். அப்புறம் எழுதுகிறேன்.

திங்கள், காலை. அப்பா கடைக்குப் போய்விட்டார், நேற்று நடந்ததைக் கேள். அத்தை ஒரு கவரோடு வந்தாள். காக்கநாட்டில் ஐ.டி.யில் இருக்கும் அம்ருதா என்ற பெண்ணின் ஜாதகம், பொருத்தம் எல்லாம் அவளே பார்த்தாகிவிட்டது, அப்பாவைப் பார்த்து, வெங்கிட்டு ஒரு வார்த்தை ஷெரி சொன்னால் மதி, வேறொண்ணும் வேண்டாம் என்றாள். அப்பா தன் அக்காவிடம் இல்லை என்று சொன்னதில்லை, அவள் சொல்லித்தானே என்னையே கட்டிக்கொண்டார். மணி நாலரை ஆகப்போகிறது. இன்றைக்கு ரேடியோவைப் போட வேண்டாம் என்று நான் பஜ்ஜி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் அப்பாவே எழுந்து போய் ஸ்பீக்கரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். டும் டும் ஆரம்பித்ததும் அத்தை, இது எந்தா சப்தம், பக்கத்துல ஆராவது கிணறு தோண்டறாளா என்றாள். அத்தை பஜ்ஜியைக் கையில் எடுத்தாள், அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரிலிருந்து சன்னே, குட் ஆஃப்டர்நூன் சுபாஷிணி இன் ஆலுவா என்றாள். பஜ்ஜி வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. எம்பேரு இவளுக்கு எப்படிடீ தெரியும் என்று என்னைப் பார்க்கிறாள், நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கிறேன்.

அத்தை விடவில்லை, ஆரு இவ, எங்கேருந்து பேசறா, ஜாதகத்தைப் பிரிக்கட்டுமா என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். அப்போது சன்னே எல்லாச் சத்தத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஒரே ஒரு தட்டலை மட்டும் வைத்துக்கொண்டு, அதை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனாள். திருப்பூணித்துறை உற்சவத்தில் மேளம் கேட்கும்போது அப்பா எப்படி உட்காருவார், உனக்கு ஞாபகம் இருக்கும், சின்னவனாக இருந்தபோது அவர் தோள்மேல் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். செண்டைக்காரர்கள் மெதுவில் தொடங்கி ஒவ்வொரு காலமாகக் கூட்டும்போது வலது கையைத் தூக்கிக் காற்றில் வைத்துக்கொள்வாரே, அந்தக் கை நேற்று நம் கூடத்தில் எழுந்தது. கையைத் தூக்கினபடியே, அக்கா, இத்திரி நேரம் மிண்டாம இரு, காலம் மாறப்போறது என்றார். அறுபத்தெட்டு வயசில் முதல் தடவையாக அக்காவைப் பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார். அத்தை பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள். டமாலென்று எல்லாச் சத்தமும் சேர்ந்து திரும்பி வந்ததும் அப்பா கை சரியாக அந்த இடத்தில் இறங்கியது. அப்புறம் அத்தையைப் பார்த்து, நம்ம அபிராமுக்குப் பிடிச்ச பொண்ணு, அவசரப்படாம கொண்டுபோறா, அது எல்லார்க்கும் வராது என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன், வெங்காயம் நறுக்கினேன் என்று சொல்ல வெங்காயம்கூட இல்லை, வாழைக்காய்.

பெயர் விஷயத்தை ஒப்புக்கொண்டேன், அத்தை கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள். என் பேரை வெச்சுண்டு நீ சௌகர்யமா பேசிண்டிருக்கே, இனிமே நானே பேசிக்கறேன், அந்த லிங்க் எந்தோ அதை எனக்கும் அனுப்பு என்றாள். அப்பா அவளை பஸ் ஏற்றிவிடக் கூடப் போனார், இரண்டு பேரும் ஒரே குடையில் பேசிக்கொண்டே போனார்கள். என்ன பேசினார்கள் என்று திரும்பி வந்து சொல்லவில்லை. எனக்கும் முழுசாக நிம்மதி வரவில்லை, பிடித்த பெண் என்று சொல்லுவது வேறு, வீட்டுக்கு வா என்று கூப்பிடுவது வேறு.

இதுவரைக்கும் எழுதியபோது அப்பா சாப்பிட வந்துவிட்டார். கடுதாசி முடிஞ்சுதா என்று கேட்டு, தாளை எல்லாம் வாங்கி நின்றுகொண்டே படித்தார். பேப்பரை ஒருநாளும் தலைகீழாகப் பிடித்ததில்லையாம், அதை அடிக்கச் சொன்னார், நான் அடிக்கவில்லை. அப்புறம் அடுக்களைக்குள் போனார். தண்ணீருக்கு என்று நினைத்தேன். கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தார். நல்ல காரியத்துக்குப் போகிற கடிதத்துக்கு மட்டும்தான் நம் வீட்டில் நாலு மூலையிலும் மஞ்சள் வைப்பது. நீ பார்த்திருக்க மாட்டாய், நம் வீட்டிலிருந்து அப்படி ஒரு கடிதம் போய் எவ்வளவோ வருஷமாயிற்று. முதல் தாளை மேஜைமேல் நீட்டிப் பிடித்து அவர் கையாலேயே நாலு மூலையிலும் வைத்தார்.

அதனால் கண்ணா, டிக்கெட் இரண்டு. ஜன்னல் பக்கம் அவளுக்குக் கொடு, நீ இந்தக் கடலை நிறையப் பார்த்தாயிற்று. சொஜ்ஜியில் முந்திரி போட்டால் அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அப்பா கேட்டு எழுதச் சொன்னார், சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். மழையில் தலையைத் துவட்டாமல் இருக்காதே, ஃப்ரிட்ஜ் சப்பாத்தியைத் தின்றே நாளைக் கழிக்காதே. ஆலுவா சுபாஷிணி யார் என்று அவளிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. இரண்டு பேரும் தீர்க்காயுசாக, ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள். முதல் தாளின் கீழ்மூலையில் மஞ்சளில் தண்ணீர் கூடி ஒரு வரி மேல் பரவிவிட்டது, உனக்குப் படிக்க வராது. அப்பா இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று அங்கே எழுதியிருந்தேன். வேறு தாளில் திருப்பி எழுதட்டுமா என்று கேட்டதற்கு அப்பா, வேண்டாம், அப்படியே போகட்டும் என்றார்.

உங்கள் இருவருக்கும் ஆசீர்வாதத்துடன்,
அம்மா கங்கா