முதுகுக் கச்சேரி

மார்ச் 3, செவ்வாய்

இசையரங்கத்தின் வரைபடம் முடிந்தது. ஒன்பதாயிரம் இருக்கைகள். எதில் உட்கார்ந்தாலும் மேடை தெரியும். வரிசை வரிசையாகக் கண்ணிலிருந்து மேடைக்குக் கோடு இழுத்துப் பார்த்தவள் நான். பதினோரு மாத வேலை. 27ஆம் தேதி மாநகராட்சிக் குழுவின் முன் வைக்கிறோம். "குறை சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார் மேலாளர். அவர் வாயிலிருந்து இது வருவது அத்தி பூத்தாற்போல.

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அக்காவுக்காக. சக்கர நாற்காலிகளுக்கென்று நடுவில் ஒரு தளம், இருபத்து நான்கு இடம். அவள் கச்சேரிக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இதற்காவது வர மாட்டாளா?

மார்ச் 4, புதன்

காட்டியிருக்கவே கூடாது.

சக்கர நாற்காலியை மேசையோடு ஒட்டி நிறுத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தாள். பிறகு ஒரே கேள்வி. "ஏன்டி, இதுல எல்லாரும் உக்காந்தே இருக்காங்களே. பாட்டு சூடு பிடிச்சா யாரு உக்காருவா?"

"குறை சொல்லாட்டி உனக்குத் தூக்கம் வராதே" என்றேன்.

"நான் போனதெல்லாம் முதுகுக் கச்சேரி. அந்த அனுபவத்துல சொல்றேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். பதினோரு மாத வேலைக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 5

பேசவில்லை. அவளும்தான்.

மார்ச் 6, வெள்ளி

அவள் சொன்னது சரி.

தளத்துக்கு முன் வரிசையில் எழுந்து நிற்கும் ஆட்களை வரைந்து, கோடுகளை மறுபடி இழுத்தேன். இருபத்து நான்கு கோடுகளும் முதுகில் முட்டி நின்றன. தளத்தின் உயரம் முப்பது சென்டிமீட்டர் வைத்திருந்தேன், தொண்ணூறு வேண்டும். ஒன்பதாயிரம் பேரையும் காகிதத்தில் கட்டிப்போட்டு உட்கார வைத்திருக்கிறேன் — நானும் ஒரு வரைபடக்காரி.

அது மட்டுமா. அவளுடைய அந்தக் கடைசிக் கச்சேரி. அவள் பக்கத்தில் நாற்காலி போட இடமில்லை என்று, அவளுக்கு நேர் முன் வரிசையில் எனக்கு இடம் கொடுத்தார்கள். முதல் பாட்டுக்கே எழுந்தேன். இரண்டு மணி நேரம் உட்காரவே இல்லை. அவள் பார்த்த முதுகு என்னுடையது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டவில்லையே. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

மேலாளரிடம் சொன்னேன். தளத்தை உயர்த்தினால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். இரண்டு வரிசையை எடுக்க வேண்டும், நூற்றுப் பன்னிரண்டு இருக்கை போகும்.

"கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளைய மாத்தணும்கிறீங்க" என்றார். நாளைக்கு யோசிக்கலாமாம். அவர் 'நாளைக்கு' என்றால் இல்லை என்று அர்த்தம்.

மார்ச் 10, செவ்வாய்

விடவில்லை. மதியம் கூட்ட அறையில், சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் மேலாளரை உட்காரச் சொன்னேன். திரையில் ஓர் இசை நிகழ்ச்சியை ஓடவிட்டு, அவருக்கு முன்னால் அலுவலகத்து ஆட்கள் ஏழு பேரை நிறுத்தினேன். அதில் ஒருவர் எங்கள் கணக்காளர், பாட்டென்றால் அவருக்குச் சொல்லவா வேண்டும்? கைகளைத் தூக்கி ஆடவே ஆரம்பித்துவிட்டார். மேலாளர் இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். ஆனாலும் பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

"என்ன சார் தெரிஞ்சுது?"

"பெல்ட்டு." எழுந்து போய்த் திரையை அணைத்தார். "ரெண்டு வரிசையையும் எடுத்துடுங்க. குழுகிட்ட நான் பேசிக்கிறேன்."

கண் கலங்கிவிட்டது. போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 16

தொண்ணூறு சென்டிமீட்டர். சரிவுப் பாதையும் நீண்டுவிட்டது. தளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி சேர்த்தேன், யாரையும் கேட்காமல். மேலாளர் பார்த்தார், அப்படியே கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 27, வெள்ளி

குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. மூன்று வருஷத்தில் திறப்பு.

அக்கா புது வரைபடத்தை மேசைமேல் விரித்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, தளத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இது எனக்கு. பக்கத்து நாற்காலி யாருக்கு?"

"எனக்கு."

"நீதான் பாட்டு வந்தா எழுந்துடுவியே."

அந்தக் கடைசிக் கச்சேரிக்காக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"தாராளமா எழுந்து ஆடு. இங்கேருந்து எனக்கு மேடை தெரியும்."