அக்காவுக்கு மட்டும் கறுப்பு வெள்ளை

மார்ச் 4

இன்றும் சாவு வேலைதான். குடும்பப் படத்தில் இறந்துபோனவரை மட்டும் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுப்பது எங்கள் ஸ்டுடியோ ஆரம்பித்த வழக்கம். மற்றவர்கள் கலரில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் யாராவது ஒருவர் சாம்பலாக நிற்கிறார்.

மாலையில் அப்பா கடைக்கே வந்துவிட்டார். பென்டிரைவில் எங்கள் வீட்டுப் படம். "அவளுக்குக் கலரை எடுத்துடு."

அவள் என்றால் அக்கா. போன வருஷம் பிடித்தவனோடு போனவள்.

"வெட்டித் தூக்கிடறேனேப்பா."

"வெட்ட வேணாம். பெரியவ எங்கேனு கேப்பாங்க. இப்படி இருந்தா எவனும் மேல கேக்க மாட்டான். புதுத் தெரு, யாருக்கும் நம்மளத் தெரியாது. உன்னையாவது கரையேத்த வேணாமா?"

மார்ச் 5

செய்துவிட்டேன். முகம் ஒரு இழுப்பில் முடிந்தது. கைதான் உயிரை வாங்கியது. என் தோளில் போட்டிருக்கிறாள், சனியன்! விரல் விரலாக வரைந்து பிரித்தேன். பாவமாக இருந்ததா? இல்லவே இல்லை. அவள் பாட்டுக்குப் போய்விட்டாள், எனக்கு வந்த சம்பந்தமெல்லாம் அவளால் தட்டிப்போனது. செத்துத் தொலை என்று சொல்லிக்கொண்டேதான் கலரை இறக்கினேன்.

மார்ச் 19

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "ஐயோ, மூத்ததா? என்னம்மா ஆச்சு?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "காய்ச்சல்" என்றேன் நான். இவ்வளவு சரளமாகப் பொய் வருமென்று எனக்கே தெரியாது. அந்த அம்மாள் என் தலையைத் தடவினார். எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

மார்ச் 20

அம்மா சாப்பிடவில்லை. கிடக்கட்டும்.

ஏப்ரல் 26

மாப்பிள்ளையின் அம்மா புடவை காட்ட வந்திருந்தார். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் — அக்கா! வயிறு தெரிகிறது. அம்மாதான் திருட்டுத்தனமாக விலாசம் சொல்லியிருக்க வேண்டும்.

"யாரும்மா அது?" என்று உள்ளிருந்து குரல்.

நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். எங்கள் ஸ்டுடியோ வழக்கம் அவளுக்கும் தெரியும்தானே?

"யாரு வேணும் உங்களுக்கு?" என்றேன். கேட்டேவிட்டேன். பாவி, நான் அதைக் கேட்டேவிட்டேன்.

அவள் அழவில்லை. "வீடு மாறி வந்துட்டேங்க" என்றாள். என்னிடம் 'ங்க' போட்டாள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள். நான் கதவைச் சாத்தினேன். அடுப்படியில் அம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 11

கல்யாணம் நன்றாக நடந்தது. எல்லோரும் மெச்சினார்கள்.

ஆகஸ்ட் 30

அம்மாவிடம் சண்டை போட்டு அக்காவின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். எடுத்தது ஆஸ்பத்திரி நர்ஸ்.

"பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. அவங்க தூங்கறாங்க. நீங்க யாரு?"

"தங்கச்சி. கூடப்பொறந்தவ."

நர்ஸின் குரல் கடுமையானது.

"என்னம்மா, வெளையாடறீங்களா? அம்மா, அப்பா, தங்கச்சி எல்லாரும் ஒரே விபத்துல போயிட்டாங்கன்னு சொல்லி அழுதுட்டு இப்பத்தான் கண்ண மூடினாங்க. பச்ச ஒடம்புக்காரி. இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க."

வைத்துவிட்டார்.